ஆத்தோர ரோட்டுல மொதல் பேரு

ஞாயித்துக்கிழமை காலையில யாராவது என்னை வாடகை ஹயருக்குக் கூப்பிட்டா எனக்குக் கெட்ட கோவம் வரும். கண்டி மஹய்யாவ ஸ்டாண்டுல த்ரீவீல் ஆட்டோ போடுற எல்லாருக்கும் அது தெரியும். "தியாகராஜா அண்ணனைக் கேக்காதீங்க, அவரு மகளுக்குப் பின்னால போற ஆளு"ன்னு அவனுங்களே சொல்லி அனுப்பிருவானுங்க. அனுப்பிட்டு ஒருத்தனை ஒருத்தன் பாத்துச் சிரிப்பானுங்க. சிரிச்சிட்டுப் போங்கடா. ஒங்க வீட்ல எவனுக்காவது ரேஸ் சைக்கிள் ஓட்டுற பொம்பளப் புள்ள இருக்கான்னு திருப்பிக் கேப்பேன், சத்தம் வராது.

எம் மக பேரு துஷ்யந்தி. வீட்ல துஷி. டவுன்ல ஒரு மருந்துக் கடையில வேலை செஞ்சா. ஸமீமோட சைக்கிள் கடையில பழைய ரேஸ் சைக்கிள் ஒண்ணைப் பாத்துட்டு வந்து ஒரு மாசம் அதே பேச்சு, கடைசில வாங்கியே வந்துட்டா. அவ அம்மா பிரேமிளாவுக்குப் புடிக்கவே இல்ல. "வேலியில போற ஓணானைப் புடிச்சு மடியில விட்டுக்கிட்டு, அப்புறம் குத்துது கொடையுதுன்னு எங்கிட்ட வராதீங்க"ன்னு எனக்கும் சேத்துத்தான் ஏச்சு. எங்க லைன் வீடுகள்ல உள்ள பொம்பளைங்க அந்த இறுக்கமான காற்சட்டையைப் பாத்துட்டு வாயில கை வச்சதையெல்லாம் சொன்னா இன்னைக்குப் பூரா சொல்லலாம். துஷி எதையும் காதுல போட்டுக்கல. நானும் போட்டுக்கல.

ஆனா எனக்குப் பயம் இருந்துச்சு. பஸ்ஸுதான் பயம். கண்டியில பஸ் ஓட்டுறவனுங்களை ஒங்களுக்குத் தெரியும்ல? போட்டி போட்டு வருவானுங்க, ஓரத்துல ஒரு மனுசன் போறான்னு கணக்கே கிடையாது. அதனால அவ ஞாயித்துக்கிழமை சைக்கிள் ஓடப் போனா நான் த்ரீவீலை எடுத்துக்கிட்டு பின்னாலயே போவேன். ரெண்டு பக்க சிக்னலையும் போட்டுக்கிட்டு, அவளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல. பஸ்காரன் ஹோன் அடிச்சா நானும் அடிப்பேன். ஏசுனா இறங்கிச் சிங்களத்துலயே திருப்பிக் குடுப்பேன். "அப்பா, ஒங்களாலதான் எனக்கு வெக்கமா இருக்கு"ம்பா. அடுத்த வாரமும் "அப்பா, டீசல் அடிச்சாச்சா"ன்னு கேக்குறதும் அவதான். என் த்ரீவீல் பெட்ரோல்ல ஓடுறதுன்னு எத்தனை தடவை சொன்னாலும் டீசல்னுதான் சொல்லுவா, என்னைக் கிண்டுறதுக்கு.

தென்னக்கும்புர பாலத்துக்கு இந்தப் பக்கமே திரும்பி, குருதெனிய தாண்டிப் போனா ரோடு மகாவலியோட ஒட்டிக்கிட்டே போகும். அங்க போயிட்டா பஸ் தொந்தரவு கொறைஞ்சிரும். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயலு, மேல மிளகுக்கொடி படர்ந்த தோட்டம். காலையில தண்ணி மேல பனி கெடக்கும். குளிக்க வந்த பொம்பளைங்க துஷியைப் பாத்துக் கையைக் காட்டுவாங்க. முன்னால ஒரு குழி வந்தா அவ இடது கையை இறக்கி விரலால காட்டுவா. பின்னால வர்றவங்களுக்குக் காட்டுறது அவங்க வழக்கம். பின்னால நான் மட்டும்தான், மூணு சக்கரத்துல. இருந்தாலும் காட்டுவா. குழியில சக்கரம் விழாம நானும் ஒதுக்கிக்குவேன்.

சில வாரம் மதனின்னு துஷியோட கூட்டாளிப் புள்ள ஒண்ணும் வரும். அது யாழ்ப்பாணத்துப் புள்ள, அப்பா கவர்மெண்ட் உத்தியோகத்துல மாத்தலாகி வந்து குண்டசாலையில வீடு. ரெண்டும் ஒண்ணா ஓடும், ஒண்ணா சண்டை போடும், ஒண்ணா எங்க வீட்ல வந்து ரொட்டி தின்னும். துஷிய விட மதனி ஒரு மயிரிழை வேகம் கூட. அதை துஷியே ஒத்துக்குவா. "அவ கால் நீளம்பா, நான் என்ன செய்ய"ம்பா.

அந்த ஞாயித்துக்கிழமை மதனி வரல. நானும் துஷியும்தான். போகும்போது நல்லாத்தான் போனா. ஹாரகம பக்கம் திரும்புற எடத்துல ஒரு பொட்டிக்கடையில எப்பவும் தேத்தண்ணி குடிப்போம். அன்னைக்கு கிளாஸைக் கையில வாங்கி அப்படியே வச்சிட்டா. "அப்பா, கண்ணுக்குப் பின்னால வலிக்குது"ன்னா. நெத்தியத் தொட்டேன். கொதிச்சுச்சு. ஓடி வந்த சூடு இல்ல அது, எனக்குத் தெரியும்.

"போதும், வண்டியில ஏறு"ன்னேன். முன் சக்கரத்தைக் கழட்டி, சைக்கிளைத் தூக்கி பின் சீட்டுல அவளுக்குப் பக்கத்துலயே சொருகினேன். அவ அதைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு சாஞ்சா. ரோடு வெறிச்சோடிக் கெடந்துச்சு. நான் த்ரீவீல் புடிச்ச நாள்லருந்து அப்படி முறுக்குனதே கிடையாது. வளைவுக்கு வளைவு ஹோன் அடிச்சுக்கிட்டு, நேரா ஆஸ்பத்திரி.

டெங்கு. அந்த வாரம் முடியல, எல்லாம் முடிஞ்சு போச்சு. டாக்டருங்களை நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். அவங்க தூங்காம நின்னு பாத்தாங்க. சில ஒடம்புல அது அப்படித்தான் கடைசில திரும்பி அடிக்குமாம். பஸ்ஸுக்குப் பயந்து பயந்து வருசக்கணக்கா பின்னால போனேன். வந்தது ஒரு கொசு. த்தூ.

கருமாதி முடிஞ்சு மதனி வந்துச்சு. துஷியோட ஃபோன்ல உள்ள படங்களை எடுத்துக் குடும்மான்னு பிரேமிளா ஃபோனை அந்தப் புள்ளைகிட்ட குடுத்தா. ரெண்டு நாள் வச்சிருந்து திருப்பிக் கொண்டாந்து குடுத்துச்சு. அன்னைலருந்து அந்த ஃபோன் பிரேமிளா தலைமாட்டுலதான். காலையில எந்திரிச்சு சாமிக்கு விளக்கு வைக்கிறதுக்கு முன்ன அதைத் தொறந்து பாப்பா. படம் பாக்குறான்னு நான் நினைச்சேன். எனக்குப் பாக்குற தைரியம் இல்ல. அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்.

வருசத் திவசம் வந்துச்சு. ஸமீம் வீட்டுக்கு வந்தான். துஷி ஓடுன கூட்டத்துக்கு அவன்தான் தலைவன், சைக்கிள் கடைக்காரன், நல்ல மனுசன். "அண்ணன், ஞாயித்துக்கிழம நாங்க எல்லாரும் துஷிக்காக ஆத்தோரத்துல ஓடுறோம். நீங்க பின்னால வரோணும், முந்தி வார மாதிரி"ன்னான். நான் முடியாதுன்னேன். பிரேமிளா அடுப்படியிலருந்து, "போங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. போனேன்.

இருவது பேருக்கு மேல வந்திருந்துச்சுங்க. எல்லாம் துஷி படம் போட்ட பனியன். நான் அதுகளுக்குப் பின்னால சிக்னலைப் போட்டுக்கிட்டு போனேன். ஆறு அதே ஆறுதான். எல்லாரும் கையை இறக்கி இறக்கி குழியைக் காட்டுதுங்க, எனக்குக் கண்ணு தெரியல, ரெண்டு குழியில நல்லா இறக்கிட்டேன். பழைய தோணித்துறைகிட்ட எல்லாம் நின்னுச்சுங்க. ஸமீம் பேசுனான்.

இங்க ஒரு விசயம் சொல்லணும், இல்லாட்டி ஒங்களுக்கு விளங்காது. இதுகளோட ஃபோன்ல ஒரு ஆப் இருக்கு. சைக்கிள்ல ஏறும்போது அமத்திட்டா, போற வழியெல்லாம் படத்துல கோடு கோடா இழுத்துக்கிட்டே வரும். அதுல ரோட்டைத் துண்டு துண்டா பிரிச்சுப் பேரு வச்சிருக்காங்க. புத்த கோயிலு பன்சலை அரசமரத்துலருந்து இந்தத் தோணித்துறை வரைக்கும் ஒரு துண்டு, பேரு ஆத்தோரம். அந்தத் துண்டை யாரு வேகமா ஓடுனாங்கன்னு அதுவே வரிசை போடும். பொம்பளைங்கள்ல முதலாவதா வந்த பேருக்குப் பக்கத்துல சின்னதா ஒரு கிரீடம்.

"இந்த ஆத்தோரத்துல மொதல் பேரு இண்டைக்கும் எங்கட துஷிடதான்"னான் ஸமீம். "எங்கட பொடியன்மார்லயும் அந்த டைமுக்குக் கிட்ட வந்தவன் ஒருத்தனும் இல்ல. அது எண்டைக்கு ஓடினது எண்டு தெரியுமா? கடைசி ஞாயித்துக்கிழம. காய்ச்சலோட. ஒடம்பு நெருப்பா கொதிக்கக்குள்ள அந்தப் புள்ள ஓடி எடுத்த டைம் அது."

எல்லாம் கை தட்டுச்சுங்க. சில புள்ளைங்க அழுதுச்சுங்க. ஒருத்தன் வந்து என்னைக் கட்டிப் புடிச்சான். எனக்கு மொதல்ல நெஞ்சு நெறைஞ்சு போச்சு, அடியே துஷி, இதை எங்கிட்ட சொல்லவே இல்லையேடின்னு. அப்புறம்தான் 'கடைசி ஞாயித்துக்கிழமை'ங்கிறது மண்டையில இறங்குச்சு.

அன்னைக்குத் திரும்பி வரும்போது அவ சைக்கிள்லயே ஏறல. பன்சலை, அரசமரம், தோணித்துறை எல்லாத்தையும் என் த்ரீவீல்ல சாஞ்சு கெடந்துதான் தாண்டுனா. ஃபோன் அவ முதுகுப் பையில இருந்திருக்கு. ஆப்பை நிப்பாட்டல. காய்ச்சல்ல கெடந்தவ எங்க நிப்பாட்டுறது? அது பாட்டுக்கு கோடு இழுத்துக்கிட்டே வந்திருக்கு. சைக்கிளா த்ரீவீலான்னு அதுக்கு என்ன தெரியும்.

நான் மெதுவா மதனிகிட்ட கேட்டேன், "இதை எப்படிம்மா கண்டுபுடிச்சீங்க"ன்னு. "ஃபோனை அன்ரி தந்தவா எல்லோ அங்கிள், அப்ப பாத்தனான். முடிக்காத ஓட்டம் ஒண்டு இருந்தது. தென்னக்கும்புர சந்தியோட சார்ஜ் போயிட்டுது போல, கோடு அதிலயே நிண்டிட்டுது. நீங்கள் அதிலதானே அவளை ஏத்தினீங்கள்? நான்தான் சேவ் பண்ணினன். சேவ் பண்ணின உடன கிரீடம் வந்துது. நான் அண்டைக்கு எவ்வளவு அழுதனான் தெரியுமோ"ன்னுச்சு.

பாருங்க, யாரு மேல கோவப்படுறது? கோடு நின்ன எடத்துலதான் அப்பன் ஏத்தியிருப்பான்னு அந்தப் புள்ள நினைச்சிருச்சு. த்ரீவீல்ல கூட்டிட்டுப் போனேன்னு சாவு வீட்ல வந்தவங்ககிட்ட எல்லாம் சொன்னேன். எங்க வச்சு ஏத்துனேன்னு யாரும் கேக்கல, நானும் சொல்லல. உசுரோட இருக்கிற ஒருத்தி அந்த வேகத்துல ஓடியிருந்தா ஸமீம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நோண்டி எடுத்திருப்பான். அவன் அதுல புலி. செத்த புள்ளையைச் சந்தேகப்பட யாருக்குங்க மனசு வரும்?

நான் "ஆமாம்மா"ன்னேன். வேற என்ன சொல்ல, அத்தனை பேரு அழுதுக்கிட்டு நிக்கும்போது?

வீட்டுக்கு வந்தா பிரேமிளா வாசல்லயே நிக்கிறா. "சொன்னாங்களா?"ன்னா. ஃபோனைத் தொறந்து நீட்டுனா. ஆறு ஒரு நீலக் கோடு, பக்கத்துல ரோடு ஒரு செவப்புக் கோடு. கீழ பேரு. துஷ்யந்தி தியாகராஜா. பக்கத்துல கிரீடம். "நான் தினம் இதைத்தாங்க பாக்குறேன். சாமியைக் கும்பிடுறனோ இல்லையோ இதைப் பாத்துருவேன். அந்தக் காய்ச்சல்லயும் எம் புள்ள யாருக்கும் விட்டுக் குடுக்கலங்க. நான்தான் வேணாம் வேணாம்னேன். பாருங்க, மொதல் பேரு"ன்னா. வருசம் பூரா சரியா சாப்புடாதவ அன்னைக்கு எனக்கும் போட்டுத் தானும் உக்காந்து சாப்பிட்டா.

சொல்லுங்க பாப்போம், அவகிட்ட நான் என்னன்னு சொல்றது? அந்தக் கிரீடம் என் த்ரீவீலுக்குக் கெடைச்சதுன்னா? கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போயி நின்னேன். பொய் சொல்லல, சும்மாதான் இருக்கேன், இதுல என்ன பாவம்னு கேட்டேன். ஒரு தேங்காயை ஒடைச்சேன், ரெண்டா பொளந்துச்சு, அவ்வளவுதான். நான் வாயைத் தொறக்கிறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். யாருக்கு என்ன நட்டம்? இருந்துட்டுப் போகட்டும் அந்தப் பேரு.

நட்டம் யாருக்குன்னு அடுத்த வாரமே தெரிஞ்சுச்சு. மதனி வந்து நின்னுச்சு. முழங்கையில கட்டு, தாடையில தோலு உரிஞ்சு கெடக்கு. "என்னம்மா இது?"ன்னேன். "விழுந்திட்டன் அங்கிள். ரெண்டாந்தரம்"னுச்சு. "ஞாயிறு பின்னால வாறீங்களோ? பஸ் ஒண்டு வந்தாப் பயமாக் கிடக்கு. நான் ஆத்தோரத்தை ஒருக்கா முழுசா ஓடிப் பாக்கோணும்."

நான் வாறேன்னேன். புள்ள விழுந்து எந்திரிச்சு வந்து கேக்குது, வராம இருக்க முடியுமா?

போகும்போது ஒழுங்காத்தான் போச்சு. திரும்பும்போது, அரசமரத்தைத் தாண்டுனதும் தலையைக் குனிஞ்சுச்சு பாருங்க, அப்புறம் நிமிரவே இல்ல. நான் முறுக்கிப் புடிச்சுக்கிட்டு வர்றேன், எட்ட மாட்டேங்குது. வளைவுல பிரேக்கே புடிக்கல. குழியைக் காட்டல. ஹோன் அடிக்கிறேன், கேக்கல. மூணாவது வளைவுல எதிர்ல ஒரு பஸ்ஸு. ஞாயித்துக்கிழமை அந்த நேரத்துல அந்த ரோட்டுல பஸ்ஸே வராது, கோயிலுக்குப் போற ஆளுங்களை ஏத்திக்கிட்டு எவனோ வாடகைக்கு எடுத்துட்டு வந்திருக்கான். ரோடு பூரா அவன்தான். "ஐயோ மதனி"ன்னு கத்துறேன், எனக்கே என் சத்தம் கேக்கல. பஸ்ஸுக்கும் வயலுக்கும் நடுவுல ஒரு முழம்கூட இருக்காது. அதுல பூந்து, வரப்புல சறுக்கி, சேத்துக்குள்ள போயி விழுந்துச்சு.

பஸ்ஸு நிக்கவே இல்ல. நான் ஓடுனேன். புள்ள எந்திரிச்சு ஒக்காந்திருச்சு. கையைக் காலை ஆட்டுது, ஒண்ணும் ஒடையல. அது தெரிஞ்ச பிறகுதான் எனக்கு வெறி வந்துச்சு. "ஒனக்கு அறிவு இருக்கா? பிரேக்குன்னு ஒண்ணு எதுக்குடி வச்சிருக்கான்? ஒங்க அப்பன் ஆத்தாளுக்கு நான் என்ன பதில் சொல்றது? ஒரு புள்ளைய வாரிக் குடுத்துட்டு நிக்கிறேன், பத்தாதா, பத்தாதான்னு கேக்குறேன்"னு வாயில வந்ததையெல்லாம் ஏசுனேன். வயல்ல நின்ன மனுசன் மம்பட்டியோட நின்னு பாக்குறான்.

அந்தப் புள்ள சேத்தோட அழுதுச்சு. "எனக்கு ஏலாமக் கிடக்கு அங்கிள். அவள் காய்ச்சலோட ஓடினவள். நெருப்பாக் கொதிக்கேக்க ஓடினவள். நான் நல்லா இருக்கிறன், நல்லாத் தின்னுறன், ஒவ்வொரு நாளும் பயிற்சி எடுக்கிறன், எனக்கு அதுக்குக் கிட்டவும் போக ஏலேல்ல. நான் அவளை விட வேகம் எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். அவள் உயிரோட இருக்கேக்க சிரிச்சுக்கொண்டே விட்டுத் தந்தவளோ எண்டு நினைக்க... அடுத்த ஞாயிறும் வருவன் அங்கிள். நீங்கள் வராட்டியும் வருவன்."

அதுக்கு மேல எப்படிங்க வாயை மூடிக்கிட்டு இருக்கிறது?

"மதனி, அவ ஓடலம்மா"ன்னேன்.

என்னை நிமிந்து பாத்துச்சு.

"ஹாரகமவுலயே ஏத்திட்டேன். தென்னக்கும்புரவுல இல்ல. முன் சக்கரத்தைக் கழட்டி பின் சீட்டுல வச்சு... இந்த ரோட்டுல நான்தான் வந்தேன். த்ரீவீல்தான் வந்துச்சு. அந்த டைம் என்னோடதும்மா, அவளோடது இல்ல."

சேத்துக் கையால வாயைப் பொத்திக்கிச்சு. அப்புறம், "நான்தானே சேவ் பண்ணினன்"னுச்சு. "நான்தானே எல்லாருக்கும் சொன்னன், காய்ச்சலோட ஓடினவள் எண்டு. ஐயோ அங்கிள், நான் அவளைக் கள்ளி ஆக்கிப் போட்டன்." எனக்கு அந்தப் புள்ளைய தூக்கி மடியில வச்சுக்கலாம் போல இருந்துச்சு. சைக்கிளை எடுத்து, முன் சக்கரத்தைக் கழட்டி, பின் சீட்டுல சொருகினேன். "ஏறு"ன்னேன். மெதுவாத்தான் ஓட்டிட்டு வந்தேன். ஆப்பை நிப்பாட்டிட்டியான்னு கேட்டேன். நிப்பாட்டிட்டன்னு அழுதுக்கிட்டே சொல்லுச்சு.

வீட்ல பிரேமிளா கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. சேறும் சகதியுமா மதனியைப் பாத்ததும் பதறிப் போயி வெந்நி வச்சு, துவாய் குடுத்து, துஷியோட சட்டை ஒண்ணை எடுத்துக் குடுத்தா. அந்தப் புள்ள அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து நின்னதும் நான் கதிரையில ஒக்காந்துட்டேன். உக்காந்துக்கிட்டே சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன்.

பிரேமிளா கீரையை விட்டுட்டு என்னையே பாத்தா. "ஒரு வாரமா தெரியுமா?"ன்னா. "தெரியும்." "தெரிஞ்சுக்கிட்டா எம் முன்னால உக்காந்து சோறு தின்னீங்க?" அவ அழுவா, கத்துவா, ஃபோனைத் தூக்கி அடிப்பான்னு பாத்தேன். உள்ள போயி ஃபோனை எடுத்துக்கிட்டு வந்து எனக்குப் பக்கத்துல ஒக்காந்தா. அந்தச் செவப்புக் கோட்டைப் பெருசாக்குனா.

"அப்ப இது நீங்க ரெண்டு பேரும் வந்ததா?"

"ஆமா."

"நான் இல்லையே அங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாதே. ஆஸ்பத்திரியில வச்சுத்தான் நான் அவளைப் பாத்தேன். சொல்லுங்க. இந்த எடத்துல என்ன செஞ்சா?"

ஒரு வருசமா அவ அதைக் கேக்கல, நானும் சொன்னதில்ல. அவ விரலை வச்சா, நான் சொன்னேன். இங்க தண்ணி கேட்டா, குடுத்தேன், ஒரு மொடக்கு குடிச்சா. இங்க குளிருதுன்னா, என் சட்டையைக் கழட்டிப் போத்திவிட்டேன், பனியனோட ஓட்டுனேன். இந்த வளைவுல நான் ஒரு குழியில இறக்கிட்டேன், "அப்பா, நான் கை காட்டுனேனே, பாக்கலையா"ன்னா. கண்ணாடியில பாக்குறேன், கையை வெளிய நீட்டிக்கிட்டு இருக்கா, பாவி மக, காய்ச்சல்லயும். இங்க, இந்த நேர் ரோட்டுல, "அப்பா, இந்த ரோட்டுல இவ்வளவு வேகமா நான் ஒருநாளும் வந்ததே இல்ல"ன்னு சொல்லிச் சிரிச்சா. சத்தமாவே சிரிச்சா. அதுக்கப்புறம் தூங்கிட்டா.

பிரேமிளாவும் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே முந்தானையை எடுத்து மூஞ்சில போட்டுக்கிட்டா. மதனி சுவத்துல சாஞ்சுக்கிட்டு விக்கி விக்கி அழுவுது. யாரும் யாரையும் தேத்தல.

பிரேமிளா மூஞ்சியத் தொடச்சிட்டு, "எடுத்துரு புள்ள"ன்னா மதனிகிட்ட.

"அன்ரி, அழிச்சாத் திரும்பி வராது. ஒருத்தருக்கும் தெரியாம மறைச்சு வைக்கலாம். வரிசையில பேர் வராது, உங்களுக்கு மட்டும் கோடு தெரியும்."

"மறைச்சு வைக்க எம் மக என்ன திருடுனாளா? நாளைக்கு எவனாவது ஒருத்தன் கண்டுபுடிச்சு அவ ஏமாத்துனான்னு சொன்னா, வந்து இல்லன்னு சொல்ல அவ இருக்காளா? எடு. ஸமீம்கிட்டயும் சொல்லிரு. யாருகிட்ட எல்லாம் சொன்னியோ எல்லாருகிட்டயும் சொல்லிரு."

மதனி ஃபோனை வாங்குச்சு. நெசமாவா, நெசமாவான்னு அந்த ஆப் ரெண்டு தடவை கேட்டுச்சு. ரெண்டு தடவையும் பிரேமிளா மொகத்தைப் பாத்துட்டு அமத்துச்சு. செவப்புக் கோடு போயிருச்சு. வரிசை ஒரு தடவை சுத்திட்டு வந்து நின்னுச்சு. மேல மதனி பேரு, கிரீடத்தோட. அதுக்குக் கீழ துஷ்யந்தி தியாகராஜா, அவ நல்லா இருந்த காலத்துல ஓடுனது. மதனி ஃபோனைக் கவுத்து வச்சிருச்சு. பிரேமிளா அதை நிமித்தி வச்சு, "நீ ஓடுனதுதானே, எதுக்குக் கவுக்கிற"ன்னா. அப்புறம் ரொட்டி சுட்டா. தேங்காய்ச் சம்பலோட வச்சு, அந்தப் புள்ள தின்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னா.

நான் மதனியைக் குண்டசாலையில விட்டுட்டு வர மத்தியானமாயிருச்சு. வீட்டுக்குள்ள வந்தா, பிரேமிளா அந்தப் புள்ள தன் சட்டை அலசிக் காஞ்சதும் கழட்டிப் போட்டுட்டுப் போன துஷியோட சட்டையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அடுப்புல ஒண்ணும் இல்ல. நான் சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டுனேன்.

"ஏங்க"ன்னா.

"என்ன?"

"அந்த ரோட்டுல ஒங்களை விட வேகமா யாருமே வந்ததில்லையா?"

"ஸமீம் அப்படித்தான் சொன்னான். பொடியனுங்ககூட வந்ததில்லையாம்."

"அவ்வளவு வேகமாவா கொண்டாந்தீங்க?"

"ஆமா பிரேமிளா. அதுக்கு மேல என் வண்டி போகாது."

அவ தலையை ஆட்டுனா. சட்டையை மடிக்கப் பாத்தா, மடிக்க வரல. கையில அப்படியே சுருட்டிப் புடிச்சுக்கிட்டா.

"அப்படியும் பத்தலையேங்க"ன்னா.